8086-இல் முகவரியும் எக்செப்ஷனும்: நோட்டும் பென்சிலும் போதும்

நாகர்கோவிலில் என்னிடம் படிக்க வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் பலரும் இன்டெலின் 8086 என்ற கணினிச் சிப்பின் செக்மென்ட் கணக்கில்தான் முதலில் தடுமாறுவார்கள். ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம்.

படி 1: முகவரி

1978-இல் வந்த இந்தச் சிப்பின் ரெஜிஸ்டர்கள் (எண்களை வைக்கும் உள் இடங்கள்) 16 பிட். அவற்றை வைத்து 64 கேபி வரைதான் எண்ண முடியும். முகவரிக் கம்பிகளோ 20, அதாவது 1 எம்பி. அதனால் நினைவக முகவரியை செக்மென்ட் (தொடங்கும் இடம்), ஆஃப்செட் (அங்கிருந்து எவ்வளவு தூரம்) என்று இரண்டு எண்களாக எழுதுகிறோம். செக்மென்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும். ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) 16-ஆல் பெருக்குவது கடைசியில் ஒரு பூஜ்யம் போடுவதுதான்.

1234:0005 → 12340 + 0005 = 12345

சரி, இப்போது 1230:0045 போடுங்கள். 12300 + 0045. அதே 12345!

குழம்ப வேண்டாம். ஒரே கடைக்கு மணிமேடையிலிருந்தும் வழி சொல்லலாம், வேப்பமூட்டிலிருந்தும் சொல்லலாம். நடக்கும் தூரம் மாறும், கடை ஒன்றுதான்.

படி 2: எக்செப்ஷன்

ஒரு கட்டளையை முடிக்க முடியாதபோது சிப் எழுப்பும் அறிவிப்புதான் எக்செப்ஷன். பூஜ்யத்தால் வகுத்தால் எக்செப்ஷன் எண் 0 வரும். விடை ரெஜிஸ்டரில் அடங்காவிட்டாலும் இதேதான்: 8 பிட் வகுத்தலில் 1000-ஐ 2-ஆல் வகுத்தால் 500, ஆனால் இடம் 255 வரைக்கும்தான்.

உடனே சிப், ஃபிளாக் (கணக்கின் நிலைக் குறிப்புகள்), சிஎஸ், ஐபி (கட்டளை முகவரியின் செக்மென்டும் ஆஃப்செட்டும்) மூன்றையும் ஸ்டாக்கில் (நினைவகத்தில் தற்காலிகமாக அடுக்கி வைக்கும் இடம்) வைத்துவிட்டு, நினைவகத்தின் முதல் 1024 பைட்டில் உள்ள அட்டவணைக்குப் போகும். மொத்தம் 256 வரிசை, வரிசைக்கு 4 பைட். அந்த எக்செப்ஷனைக் கவனிக்கும் நிரலான ஹேண்ட்லரின் முகவரி அதில் இருக்கும். எக்செப்ஷன் எண்ணை 4-ஆல் பெருக்கினால் அதன் வரிசை கிடைக்கும்.

0-வது வரிசையில் 45 00 30 12 இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிறிய பைட் முன்னால் வரும். ஆஃப்செட்டுக்குப் பிறகே செக்மென்ட். திருப்பி எழுதினால் 1230:0045. நாம் போட்ட அதே 12345! முதல் கணக்கு தெரிந்தவருக்கு எக்செப்ஷனில் பாதி முடிந்துவிட்டது.

படி 3: திரும்பி வருவது

இங்கே நிதானமாகப் படியுங்கள். வகுத்தல் எக்செப்ஷனில் 8086 ஸ்டாக்கில் வைப்பது அடுத்த கட்டளையின் முகவரி. 1982-இல் வந்த 80286 சிப்பிலிருந்து, தவறிய கட்டளையின் முகவரியே வைக்கப்படுகிறது. எதையும் சரிசெய்யாமல் ஐரெட் (ஸ்டாக்கில் வைத்த முகவரிக்குத் திரும்பும் கட்டளை) மட்டும் போடும் ஹேண்ட்லர் 8086-இல் அடுத்த வேலைக்குப் போய்விடும். 80286-இலோ அதே வகுத்தலுக்குத் திரும்பி, மறுபடி தவறி, முடிவில்லாமல் சுற்றும். ஆனாலும் எனக்கு இந்த மாற்றம்தான் சரியென்று படுகிறது: தவறைத் திருத்திவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்ட வழி கிடைக்கிறதே.

அப்புறம் ஒரு பயிற்சி. அதே அட்டவணையில் டாஸ் (பழைய பிசி இயங்குதளம்) சேவைக்கான ஹெக்ஸ் 21-ஆம் எண்ணின் வரிசை எங்கே தொடங்கும்? ஹெக்ஸ் 84 வந்தால் சரி.