மெலியும் பறவைக்கு அன்டிபயோட்டிக் தூள் மருந்தாகாது

கொழும்புத் தொடர்மாடிகளின் பல்கனியில் வளரும் சிறு கிளிகளான பட்ஜியோ கொக்கட்டீலோ மெலியத் தொடங்கினால், மிருக வைத்தியரிடம் போவதற்கு முன்பே கடையில் வாங்கிய அன்டிபயோட்டிக் தூளைத் தண்ணீரில் கலந்து வைப்பவர்கள் பலர். நோய் பங்கசுவால் வந்ததாயின் இதைவிடப் பெரிய தவறு இல்லை. அந்தத் தூள் பங்கசுவை ஒன்றும் செய்யாது. அதோடு, கன்டிடா என்னும் மதுவத்தை அடக்கி வைத்திருக்கும் நல்ல பற்றீரியாக்களையும் கொன்று, அது கழுத்தடியில் இரையைச் சேர்த்து வைக்கும் தீனிப்பையில் தாராளமாகப் பெருக வழிவிடுகிறது. பட்ஜிகளின் இரைப்பையில் வளரும் மக்ரோறப்டஸ் நெடுங்காலம் பற்றீரியா என்றே எண்ணப்பட்டு, 2003இல்தான் பங்கசு என நிறுவப்பட்டது. ஆகவே பழைய குறிப்புகளைப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டாம்.

"நன்றாகத்தானே சாப்பிடுகிறது" என்று இருந்துவிடுவது அடுத்த தவறு. மக்ரோறப்டஸ் பிடித்த பறவை நாள் முழுதும் தீனிக் கிண்ணத்தருகே நின்று தினையைக் கொறித்துக்கொண்டே மெலியும். எச்சத்தில் செரிக்காத தினை முழுசாகக் கிடக்கிறதா, நெஞ்செலும்பு விரலில் கத்தி முனைபோலத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வளர்ந்த பட்ஜியின் எடை பெரும்பாலும் 30 முதல் 40 கிராம்தான். அதில் 4 கிராம் குறைந்தாலே உடலில் பத்திலொரு பங்காவது போய்விட்டது. சமையலறை இலத்திரனியல் தராசில் வாரம் ஒரு முறை, காலையில் தீனி வைக்குமுன் நிறுத்தால், கண்ணுக்குத் தெரியாத மெலிவும் பிடிபடும்.

புதிய எச்சத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மக்ரோறப்டஸைக் காணலாம். ஆனால் அது எல்லா நாளும் எச்சத்தில் வெளியேறுவதில்லை என்பதால், ஒரு பரிசோதனையில் காணவில்லை என்றதும் நிம்மதியடையக் கூடாது. சில நாட்களின் மாதிரிகளைக் கொடுங்கள். வைத்தியர் பங்கசுவைக் கொல்லும் அம்ஃபோடெரிசின் பி என்னும் மருந்தை எழுதினால், அதை ஏறத்தாழ ஒரு மாதம் வாய்வழியே கொடுக்க நேரும். பறவை நாலு நாளில் துள்ளத் தொடங்கியதும் நிறுத்திவிட்டால் நோய் திரும்பும்.

கையால் ஊட்டி வளர்க்கும் குஞ்சுகளைக் கன்டிடா எளிதில் பற்றும். ஆறிப்போன கூழையும் மிஞ்சிய கூழையும் ஊட்டாதீர்கள். தீனிப்பை வற்றாமல் புளித்த வாடை வீசினாலோ வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஊறவைத்த தானியமும் நறுக்கிய பழமும் சீக்கிரம் கெட்டுவிடும். சில மணி நேரத்தில் அகற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கிய பறவை எவ்வளவு திடமாகத் தெரிந்தாலும் பங்கசுவைச் சுமந்திருக்கலாம். குறைந்தது ஒரு மாதம் வேறு அறையில், தனிக் கிண்ணங்களோடு வைத்து, எச்சத்தைப் பரிசோதித்த பிறகே மற்றவற்றுடன் சேருங்கள்.