ஆய்வோடு ஊருக்குள் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பறவை, ஆறு, அகழாய்வு, கடல் என்று ஏதாவது ஒன்று விஞ்ஞானிகளை நெல்லைச் சீமைக்கு இழுத்து வந்துகொண்டே இருக்கிறது. வந்தவர்களில் பலர் முதலில் செய்கிற தவறு, ஊராருக்கு விழிப்புணர்வு ஊட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வது.

கூந்தன்குளம் கிராமத்தைப் பாருங்கள். அங்கே வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். தவறி விழும் குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கரைந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு உரமாக அடிக்கிறார்கள். 1994இல் சரணாலயம் என்று அறிவிப்பு வருவதற்கு வெகு முன்பே இது ஊர் வழக்கம். அவர்களுக்குப் படம் போட்டுப் பாடம் நடத்துவதைவிட, எந்த ஆண்டு எந்த மரத்தில் கூடு குறைந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டால் ஆய்வுக்கே லாபம்.

ஊர் என்றால் எல்லோரும் ஒன்று என்ற நினைப்பும் கூடாது. ஊர்ப் பெரியவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் போட்டால், சாதி பாதிப் பேரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடும். தெருத்தெருவாகப் போவதுதான் சரி. பிசானப் பருவ நெல் நடவு நாளில் காலை 11 மணிக்கு அழைத்தால் யார் வருவார்? பீடி சுற்றும் பெண்களிடம் சுளகைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

எல்லாவற்றிலும் கெடுதலானது, கேள்வியை வெறும் பயம் என்று ஒதுக்குவது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்த பிறகு, இடிந்தகரையில் கூடங்குளம் அணுஉலைக்கு எதிரான போராட்டம் வலுத்தது. கடலில் விடும் வெந்நீர் மீன்பாட்டை என்ன செய்யும், கழிவு எங்கே போகும் என்று மீனவர்கள் கேட்டார்கள். இரண்டுமே அசல் அறிவியல் கேள்விகள். உலையை ஆதரிப்பவரானாலும் எதிர்ப்பவரானாலும், ‘நம்புங்கள்’ என்பது அவற்றுக்குப் பதிலாகாது. எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு தூரம்வரை, இன்னும் அளக்காதது எது என்று சொல்லத்தான் வேண்டும்.

முடிவைத் திரும்பி வந்து சொல்லாதவர்களும் உண்டு. சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அதே தாமிரபரணி ஆற்றுப் படுகையில் நெல் விளைவிப்பவருக்கு ஆண்டை மட்டும் சொன்னால் போதாது. பயிர் உயிரோடு இருந்தபோது காற்றிலிருந்து ஏற்ற கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அறுத்த பிறகு சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகிறது. மிச்சத்தை அளந்து வயதைக் கணிக்கிறார்கள். இதைக் களத்துமேட்டில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம். ஆய்வுக் கட்டுரை அச்சானதும் அதன் சாரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதி, குழி தோண்டியவர் கையிலும் நிலம் கொடுத்தவர் கையிலும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.