அந்தக் காலத்துக் கொழும்பு ரூபாய் நம் பணத்தில் எவ்வளவு?

கீழக்கரையில் பழைய வீடு எதை இடித்தாலும் பரணிலிருந்து ஒரு கொழும்புக் கணக்குப் பேரேடு விழும். பாகப்பிரிவினைக்கோ வழக்குக்கோ அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுகிறார்கள். "மாமா, இந்த ஆயிரம் ரூபாய் அன்றைக்கு நம் பணத்தில் எவ்வளவு?" வங்கியில் அந்நியச் செலாவணி மேசையிலேயே தலை நரைத்தவன் நான் என்பதால், எழுதிக் கொடுப்பதும் நானே. ஆனால் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவரும் இதைத் தாமே போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தேதியைப் பிடியுங்கள், தொகை காத்திருக்கட்டும். ஆண்டு மட்டும் போதாது, மாதமும் வேண்டும். பேரேட்டில் ஹிஜ்ரி தேதி இருந்தால் அதை ஆங்கிலத் தேதிக்கு மாற்றிக்கொண்டுதான் அடுத்த வேலை. தேதியே இல்லையென்றால் கூட இருக்கும் கடித உறையின் அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

தேதி 1966 ஜூன் 6-க்கு முந்தையது என்றால் உங்களுக்கு யோகம். ஒன்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். 1950 ஆகஸ்ட் 28 அன்று இலங்கை மத்திய வங்கி தொடங்கும்வரை அவர்களுடைய ரூபாய் நம் ரூபாயோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாடுகளிலும் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றே நீடித்தது. சில்லறையில் மட்டும் கவனம் தேவை. இலங்கையில் 1872 முதலே ரூபாய்க்கு 100 சதம். நமக்கோ 1957 ஏப்ரல் 1 வரை 16 அணா. ஆக, ஓர் அணா ஆறேகால் சதம். கொழும்புப் பேரேட்டில் 12.50 என்றிருந்தால் இங்கே அது 12 ரூபாய் 8 அணா. 12 ரூபாய் 50 பைசா என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காலப் பைசா அணாவுக்கு நான்கு என்று தெரிந்த எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைச் சும்மா விடமாட்டார்.

1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, டாலர் 4.76-இலிருந்து 7.50 ஆனது. இலங்கை அசையவில்லை. இங்கிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. இரண்டு ரூபாய்களுக்கும் நேரடி விகிதம் தேடி அலைய வேண்டாம். டாலரை நடுவில் வையுங்கள். நம் டாலர் விலையை அவர்களுடைய டாலர் விலையால் வகுத்தால், ஓர் இலங்கை ரூபாய்க்கு எத்தனை இந்திய ரூபாய் என்பது வந்துவிடும். 7.50-ஐ 4.76-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.575. ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில் ஆயிரமாக இருந்த தொகை, இரண்டாம் வாரத்தில் இக்கரையில் 1,575 ஆகிவிட்டது. மாதம் கேட்டு நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

1967 நவம்பரில் இலங்கையும் இறங்கியது; டாலர் 5.95. இப்போது விகிதம் 1.26. விடையில் சந்தேகம் இருந்தால் பிரிட்டிஷ் நாணயமான பவுன் வழியாகவும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அப்போது பவுன் நமக்கு 18 ரூபாய், அவர்களுக்கு 14.28. வகுத்தால் அதே 1.26. இரண்டு வழியிலும் ஒரே விடை வராவிட்டால், எடுத்த தேதிகளில் ஒன்று பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவலி பிடித்த காலம் 1968 மே முதல் 1977 நவம்பர் வரை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் தாள்களில் பல இந்த ஆண்டுகளைச் சேர்ந்தவை. அப்போது இலங்கையில் டாலருக்கு இரண்டு விலை. தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அரிசி போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் அரசு விலை. மற்ற பலவற்றுக்கு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குத் தொடக்கத்தில் 44 விழுக்காடு கூடுதல், பிறகு 55, கடைசியில் 65. 1968-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு விலையில் ஓர் இலங்கை ரூபாய் நமக்கு 1.26; சான்றிதழ் விலையில் டாலர் 8.57 ஆகிவிடுவதால் 0.875 மட்டுமே. ஒரே நாளில், ஒரே நோட்டுக்கு இரண்டு மதிப்பு. தாளில் இருப்பது எந்த வகைப் பணம் என்று தெரியாவிட்டால் இரண்டையும் எழுதி, எது எந்த விலை என்று குறித்துவிடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையல்ல.

1977 நவம்பரில் இரட்டை விலை ஒழிந்து, டாலர் அங்கே 16 ரூபாயை ஒட்டிப் போனது. இலங்கை ரூபாய் நம் ரூபாயில் பாதியளவுக்கு வந்தது. அதன் பிறகு எல்லாம் அட்டவணை பார்க்கும் வேலை. ஆண்டுச் சராசரி போதுமென்றால் உலக வங்கியின் இணையத்தளத்தில் 1960 முதல் இரண்டு நாடுகளுக்கும் கிடைக்கும். நாள்வாரியாக வேண்டுமென்றால் இலங்கை மத்திய வங்கி, நம் ரிசர்வ் வங்கி ஆகியவற்றின் தளங்களுக்குப் போக வேண்டும். நம் நாட்டின் அன்றாடக் குறிப்பு விலையை 2018 ஜூலை முதல் வெளியிடுவது எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம். நிதியாண்டுச் சராசரியை ஒரு பக்கமும் ஜனவரி – டிசம்பர் சராசரியை மறுபக்கமும் வைத்து வகுக்காதீர்கள்.

2022-க்கு ஆண்டுச் சராசரியே வேண்டாம். அந்த மார்ச் மாதத் தொடக்கம்வரை அங்கே டாலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது.

உண்டியல் வழியாக, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், வந்த பணத்துக்கு எந்த அட்டவணையும் உதவாது. கொழும்பில் கட்டிய தொகையும் இங்கே கைக்கு வந்த தொகையும் பேரேட்டில் இருந்தால், இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். வருவதுதான் அன்றைய சந்தை விலை. அதை அரசு விலைக்குப் பக்கத்தில் தனிப் பத்தியில் எழுதுங்கள். கூட்டித் தொகை போடுவது எந்தப் பத்தியை என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.