பழகும் இயல்புக்காக நரிகளைத் தேர்ந்து பெருக்கும் முறை: நொவசிபிர்ஸ்க் சோதனை வழி ஒரு வழிகாட்டி

காட்டு விலங்கொன்றைக் குட்டியிலேயே எடுத்து, கையால் பாலூட்டி வளர்த்து, மனிதரைக் கண்டு மிரளாதபடி செய்வது பழக்குதல். அவ்விலங்கு இறக்கும்போது அந்தப் பழக்கமும் அதனோடு முடிந்துவிடும். அதன் குட்டி மீண்டும் காட்டு விலங்காகவே பிறக்கும். மனிதரை அஞ்சாமல் அணுகும் இயல்பு பிறப்பிலேயே அமைந்த ஒரு கால்வழியை உருவாக்குவது முற்றிலும் வேறு வேலை. அதை நீண்ட காலம் கட்டுக்கோப்பாகச் செய்து காட்டியது, ரஷ்யாவின் நொவசிபிர்ஸ்க் நகரின் உயிரணுவியல், மரபியல் நிறுவனத்தில் 1959இல் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் தொடங்கி, லுத்மிலா த்ரூத் பல பத்தாண்டுகள் நடத்திய வெள்ளி நரிச் சோதனையாகும். அத்தகைய ஒரு தேர்வு இனப்பெருக்கத் திட்டத்தை வகுப்பதற்கோ, பிறர் வகுத்ததை மதிப்பிடுவதற்கோ முனையும் உயிரியல் மாணவர்களுக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. வீட்டில் நரி வளர்க்க விரும்புவோருக்கு இதில் ஒன்றும் இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நரியைப் பிடித்து வைத்திருப்பதே குற்றம்.

தொடக்கக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் தேவைப்படுவது, கூண்டில் இனம் பெருக்கக்கூடிய, ஆனால் குணத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும் விலங்குக் கூட்டம். எல்லா விலங்குகளும் ஒரே அளவில் அஞ்சினால் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் இராது. காட்டிலிருந்து நேரடியாகப் பிடித்த விலங்குகளோ கூண்டில் இணை சேராமலே பல ஆண்டுகளை வீணாக்கிவிடக்கூடும். பெல்யாயெவ் இந்தச் சிக்கலைத் தவிர்க்க, ரோமத்துக்காக நரி வளர்க்கும் பண்ணைகளை நாடினார். தொடக்கத்தில் எடுக்கப்பட்ட 30 ஆண் நரிகளும் 100 பெண் நரிகளும் பெரும்பாலும் எஸ்டோனியாவிலுள்ள ஒரு பண்ணையிலிருந்து வந்தவை. செந்நரி இனத்தில் கருமை மிகுந்த வகையே வெள்ளி நரி எனப்படுகிறது. பண்ணை நரிகளில் பெரும்பாலானவை கடித்தன அல்லது மூலையில் ஒடுங்கின. ஏறத்தாழப் பத்தில் ஒன்று மட்டுமே அச்சமும் சீற்றமும் இன்றி மனிதரை உற்று நோக்கியது. அந்தப் பத்தில் ஒரு பங்குதான் மூலதனம்.

தொடக்கக் கூட்டத்தின் பூர்வீகத்தை எழுதி வைப்பது பலரும் அலட்சியப்படுத்தும் வேலை. ஆனால் பிற்காலத்தில் முடிவுகளின் மதிப்பே அதைச் சார்ந்து நிற்கும். சோவியத் பண்ணைகளின் வெள்ளி நரிகள், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கூண்டில் பெருக்கப்பட்டு வந்த நரிகளின் வழித்தோன்றல்கள். ஆகவே 1959இல் கூண்டுகளில் இருந்தவை காட்டு நரிகள் அல்ல. அரை நூற்றாண்டுக்கும் மேலாக மனிதரின் கண்முன் வாழ்ந்து, கூண்டைத் தாங்கிக்கொண்டவை மட்டும் குட்டி ஈன்று நிலைத்த ஒரு கூட்டம். செய்தித்தாள்கள் ‘காட்டு நரி பத்துத் தலைமுறையில் நாயாயிற்று’ என்று எழுதும்போது இந்த அரை நூற்றாண்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அளவுகோலை வகுத்தல்

ஒரே ஒரு குணத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே பெல்யாயெவின் திட்டத்துக்கு உயிர்நாடி. நிறம், உடலளவு, காதின் வடிவம், ரோமத்தின் தரம் ஆகிய எதுவும் தேர்வில் இடம்பெறவில்லை. மனிதரிடம் விலங்கு காட்டும் எதிர்வினை மட்டுமே கணக்கிடப்பட்டது. அழகான குட்டிக்குக் கைதவறி ஒரு மதிப்பெண் கூட்டிவிட்டால், பின்னர் தோன்றும் உடல் மாற்றங்கள் தாமாக வந்தவையா, தேர்வாளரின் கண் கொண்டுவந்தவையா என்று எவராலும் சொல்ல இயலாது.

சோதனை எளிமையானதாகவும், ஒவ்வொரு குட்டிக்கும் ஒரே மாதிரியாகவும் இருக்க வேண்டும். நொவசிபிர்ஸ்கில் குட்டிக்கு ஒரு மாதம் ஆனதும் சோதனையாளர் கையால் உணவை நீட்டி, அதைத் தடவவும் தூக்கவும் முயல்வார். ஒருமுறை கூண்டிலும், மற்றொருமுறை பிற குட்டிகளோடு திறந்த அடைப்பிலும் இது நடக்கும்; திறந்த அடைப்பில் குட்டி சோதனையாளரிடம் வரலாம், உடன்பிறப்புகளிடம் போகலாம் என்பதால் அதன் விருப்பம் தெளிவாகும். ஆறு, ஏழு மாதங்கள் வரை மாதந்தோறும் இச்சோதனை திரும்பச் செய்யப்படும். இனம்பெருக்கும் பருவத்தை நெருங்கும் ஏழாவது அல்லது எட்டாவது மாதத்தில் இறுதி வகைப்பாடு முடிவாகும்: தொட்டால் ஓடுவதும் கடிப்பதும் மூன்றாம் வகுப்பு, தொடவிட்டாலும் நட்பு காட்டாதது இரண்டாம் வகுப்பு, வாலாட்டிக் குழைவது முதல் வகுப்பு. ஆறாம் தலைமுறையில், மனிதர் கவனத்தை ஈர்க்க முனகி, முகர்ந்து, நக்கும் குட்டிகள் பிறக்கத் தொடங்கியதால் அவற்றுக்கென ‘மேட்டுக்குடி’ என்று சொல்லத்தக்க ஒரு தனி வகுப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆகவே அளவுகோலின் மேல் முனையைத் திறந்தே வைப்பது நல்லது. அனைத்துக் குட்டிகளும் முதல் வகுப்பை எட்டிவிட்டால் அவற்றுள் சிறந்ததை அடையாளம் காணும் வழி அடைபட்டுவிடும்.

வளர்ப்பின் பங்கை விலக்குதல்

இதைவிடக் கடினமான பகுதி வேறில்லை. குட்டிகளோடு மனிதர் அதிகம் பழகினால் அவை இயல்பாகவே சாதுவாகும். அதைக் கண்டு மரபுமாற்றம் என்று கொள்வது பிழை. எனவே நரிகளுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. மனிதத் தொடர்பு அளந்து கொடுக்கப்பட்டது. குட்டிகள் ஒன்றரை முதல் இரண்டு மாதங்கள் வரை தாயோடும், பிறகு உடன்பிறப்புகளோடும், மூன்றாம் மாதம் முதல் தனிக் கூண்டிலும் வைக்கப்பட்டன. பரிவுள்ள ஒரு பணியாளர் தமக்குப் பிடித்த குட்டியை அவ்வப்போது தூக்கிக் கொஞ்சினாலே தரவு கெட்டுவிடும். மனிதருக்கு இது எளிதான கட்டுப்பாடு அன்று.

இதற்கு மேலும் மூன்று ஏற்பாடுகள் தேவை. முதலாவது, அதே பண்ணையில், அதே உணவில், தேர்வு ஏதுமின்றிப் பெருகும் ஒரு ஒப்பீட்டுக் கூட்டம். இரண்டாவது, எதிர்த்திசையில் தேர்ந்தெடுக்கப்படும் கூட்டம்: நொவசிபிர்ஸ்கில் 1970ஐ ஒட்டி, மனிதரிடம் மிகுதியாகச் சீறும் நரிகளை மட்டும் பெருக்கும் ஒரு கால்வழியும் தொடங்கப்பட்டது. ஒரே கொட்டகையில் இரு கால்வழிகள் இரு திசைகளில் விலகிச் செல்லும்போது, உணவையோ தட்பவெப்பத்தையோ காரணம் காட்ட இயலாது. மூன்றாவது, குட்டிகளையும் கருக்களையும் மாற்றி வைத்துப் பார்ப்பது. சாதுவான தாயின் கருவைச் சீறும் தாயின் கருப்பையில் வைத்து ஈனச் செய்தபோதும், பிறந்த குட்டிகள் பெற்ற மரபின்படியே நடந்துகொண்டன. சுமந்த தாயின் குணமோ வளர்ப்பின் குணமோ அவற்றை மாற்றவில்லை. இந்த மூன்றாவது ஏற்பாடு இல்லாத திட்டம் கேள்விக்குப் பாதி விடையையே தரும்.

எத்தனை விலங்குகளைப் பெற்றோராக்குவது

ஒரு குணம் எவ்வளவு வேகமாக மாறும் என்பதை ஓர் எளிய பெருக்கலால் முன்கூட்டியே மதிப்பிடலாம்: தேர்ந்தெடுத்த பெற்றோரின் சராசரிக்கும் முழுக் கூட்டத்தின் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டை, அக்குணத்தின் மரபுவழிப் பங்கால் பெருக்கினால், அடுத்த தலைமுறை எவ்வளவு நகரும் என்பது கிடைக்கும். மனிதரிடம் காட்டும் தற்காப்பு எதிர்வினையில் நரிக்கு நரி உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 35 விழுக்காடு மரபுவழிப்பட்டது என்று அங்கு கணக்கிடப்பட்டது. விளக்கத்துக்காக, கூட்டத்தின் சராசரி 2 மதிப்பெண் என்றும் தேர்ந்தெடுத்த பெற்றோரின் சராசரி 4 என்றும் கொண்டால், குட்டிகளின் சராசரி 4 ஆகிவிடாது, 2இலிருந்து 0.7 மட்டும் உயர்ந்து 2.7 ஆகும். முதல் ஓரிரு தலைமுறைகளில் பெரிதாக ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான். திட்டத்தை நடுவில் கைவிடத் தோன்றுவதும் அப்போதுதான்.

நொவசிபிர்ஸ்கில் பிறந்த ஆண் குட்டிகளில் 4, 5 விழுக்காட்டுக்கு மேலும், பெண் குட்டிகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேலும் பெற்றோராக அனுமதிக்கப்படவில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு சேரலாம் என்பதால் ஆண்களில் தேர்வைக் கடுமையாக்க முடிகிறது. ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. மிகச் சில ஆண்களையே பயன்படுத்தினால் இரத்த உறவுகளுக்குள் கலப்பு நேர்ந்து, மறைந்திருந்த குறைகள் வெளிப்படும்; அப்போது தோன்றும் வெள்ளைப் புள்ளிக்கும் குட்டைக் காலுக்கும் தேர்வு காரணமா, நெருங்கிய கலப்பு காரணமா என்ற ஐயம் எழும். அதனால் ஒவ்வொரு இணையையும் சேர்க்குமுன் வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கு, இரத்த உறவுக் கலப்பின் அளவைக் காட்டும் உட்கலப்புக் குணகம் 0.02க்கும் 0.07க்கும் இடையே வைத்துக்கொள்ளப்பட்டது.

நரி ஆண்டுக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் பிற்பகுதியில் மட்டுமே இணை சேரும். 52 நாட்கள் அளவில் சினையிருந்து ஈனும். ஆகவே எவ்வளவு விரைந்தாலும் ஓர் ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். அத்தனை பொறுமையோ பணமோ இல்லாதவர்கள் எலிகளைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. அதே நிறுவனத்தில் 1970களில் காட்டிலிருந்து பிடித்த சாம்பல் எலிகளைக் கொண்டும் இரு கால்வழிகள் உருவாக்கப்பட்டன; அங்கே கையுறை அணிந்த கையை எலி எப்படி எதிர்கொள்கிறது என்பதே அளவுகோல்.

எதை எதிர்பார்ப்பது, எதைப் பதிவுசெய்வது

நான்காம் தலைமுறையில் வாலாட்டும் குட்டிகள் தோன்றின. மேட்டுக்குடி வகுப்பு பத்தாம் தலைமுறையில் 18 விழுக்காடாகவும் இருபதாம் தலைமுறையில் 35 விழுக்காடாகவும் உயர்ந்தது. எட்டாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறைக்குள் நெற்றியில் வெள்ளைப் பொட்டும், அதைத் தொடர்ந்து தொங்கிய காதும் சுருண்ட வாலும் சில குட்டிகளில் காணப்பட்டன. இவற்றை எவரும் தேடித் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே வியப்புக்குக் காரணம். ஆனால் பதிவேட்டில் ‘தோன்றியது’ என்று எழுதினால் போதாது. நூற்றில் எத்தனை, ஒப்பீட்டுக் கூட்டத்தில் எத்தனை, தொடக்கப் பண்ணையில் முன்பே இருந்ததா என்ற மூன்றையும் எழுத வேண்டும். புள்ளியும் தொங்கு காதும் ரோமப் பண்ணைகளில் அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தவை என்ற விமர்சனம் அண்மை ஆண்டுகளில் வலுவாக எழுந்தபோது, அதற்கு விடை தரக்கூடியவை இத்தகைய எண்ணிக்கைகளே.

தோற்ற மாற்றங்களைவிட உடலியங்கியல் மாற்றங்கள் உறுதியானவை என்பது என் கணிப்பு. சாதாரணப் பண்ணைக் குட்டிக்கு ஆறாவது வாரத்தில் புதியவை மீது அச்சம் முளைக்கிறது. தேர்ந்த குட்டிக்கு ஒன்பதாவது வாரமோ அதற்குப் பிறகோதான். கண் திறப்பும் ஒலிக்கு எதிர்வினை காட்டுவதும் சற்று முன்னதாகவே நிகழ்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து, மனிதரோடு பழகுவதற்கான காலச் சாளரத்தை இருபுறமும் அகலமாக்குகின்றன. இரத்தத்தில் அட்ரினல் சுரப்பியின் அழுத்த ஹார்மோன்கள் பன்னிரண்டு தலைமுறைக்குப் பின் ஒப்பீட்டுக் கூட்டத்தின் பாதியளவுக்கு இறங்கின; மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் அளவு கூடுதலாக இருந்தது. ஆகவே கண் திறக்கும் நாள், அச்சம் முளைக்கும் வாரம், ஹார்மோன் அளவு ஆகியவற்றை முதல் தலைமுறையிலிருந்தே பதிவுசெய்ய வேண்டும். பத்தாம் தலைமுறையில் நினைவு வந்து தொடங்கினால் ஒப்பிட ஒன்றுமிராது. ஒவ்வொரு தலைமுறையிலும் இரத்த மாதிரியைச் சேமிப்பதும் அவ்வாறே. செந்நரியின் மரபணுத்தொகுதி 2018இல் வெளியானபோது, சாதுவான, சீறும், தேர்வற்ற மூன்று கூட்டங்களிலிருந்தும் பத்துப் பத்து நரிகளை ஒப்பிட்டு, வேறுபடும் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டறிய முடிந்தது.

நாயைப் பற்றி என்ன சொல்லலாம்

நாய் சாம்பல் ஓநாயின் வழிவந்தது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசெலில் 1914இல் கிடைத்த புதைகுழியில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முன் இரு மனிதரோடு ஒரு நாயும் புதைக்கப்பட்டிருந்தது. உழவுக்கு முந்தைய காலம் அது. அந்த வேட்டை மக்களிடம் பதிவேடும் மதிப்பெண்ணும் இருந்திருக்க வழியில்லை. குடியிருப்பின் அருகே மிச்சம் தேடிவந்த ஓநாய்களில், மனிதரைக் கண்டு குறைந்த தொலைவே ஓடியவை அதிக உணவு பெற்று அதிகக் குட்டிகளை வளர்த்திருக்கலாம் என்ற கருத்தில், தேர்வாளர் என்று ஒருவரே இல்லை. நரிச் சோதனை இக்கருத்தை நிரூபிக்கவில்லை. அச்சம் குறைவதற்கான தேர்வு ஒன்றே போதுமானால் நடத்தை எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதையே காட்டுகிறது.

அம்மாற்றம் எங்கே நாயை ஒத்திருக்கிறது என்பதையும் சோதித்தே சொல்ல வேண்டும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், தேர்ந்த நரிக்குட்டிகள் மனிதர் சுட்டிக்காட்டிய பாத்திரத்தில் உணவைத் தேடுவதில் நாய்க்குட்டிகளுக்கு இணையாக இருந்தன; அத்திறனுக்காக அவற்றை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. இதனோடு, புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் ஓநாய்க்குட்டிகளை நாய்க்குட்டிகளைப் போலவே கையால் வளர்த்துப் பார்த்ததைச் சேர்த்து வாசிக்க வேண்டும்: தீர்க்க முடியாத ஒரு வேலையைக் கொடுத்தபோது நாய்கள் விரைவில் மனிதர் முகத்தைத் திரும்பிப் பார்த்தன, ஓநாய்கள் பெரும்பாலும் பார்க்கவில்லை. எனவே உங்கள் கால்வழியை நாயோடு ஒப்பிடும் எந்தச் சோதனையிலும், தேர்வற்ற கூட்டத்தின் குட்டிகளை அதே கைகளால், அதே அளவு தொடர்போடு வளர்த்து உடன்சேர்த்துச் சோதிக்க வேண்டும்; அந்த மூன்றாவது வரிசை இல்லாத அட்டவணையை எந்த ஆய்விதழும் ஏற்கக்கூடாது.