டர்பனில் கடைக்கு வெளியே மேசை போடுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதனால் உணவகங்கள் நிறைந்த புளோரிடா ரோட்டை ஒரு சுற்று சுற்றி வந்தவர்களுக்கெல்லாம், ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் நம் பன்னி சாவ் கடைக்கு வெளியேயும் நாலு மேசை போட்டால் என்ன என்று தோன்றிவிடுகிறது. போடலாம். ஆனால் பலர் எத்தனை மேசை பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, வாங்கி இறக்கியும் விட்டு, அப்புறம்தான் அனுமதிக்கு ஓடுகிறார்கள். நடக்கிறவர்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று முதலில் அளக்க வேண்டும், மிச்சம் இருந்தால்தான் மேசை.

முதலில் அந்த இடம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். டவுனில் பெரும்பாலான கடைகளுக்குச் சுவரோடு எல்லை முடிந்துவிடும், அதற்கு வெளியே இருப்பது டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி நகராட்சியின் பொறுப்பில் உள்ள சாலை நிலம். மாதாமாதம் வாடகை கொடுக்கிறேனே என்று சொல்லிப் பயனில்லை, கட்டட உரிமையாளரே தனக்குச் சொந்தமில்லாததை உங்களுக்கு வாடகைக்கு விட முடியாது. மேசை உங்கள் எல்லைக்குள்தான் வருகிறது என்றால் கதை வேறு, அப்போது நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் அந்த மனைக்கு என்ன அனுமதி இருக்கிறது, கூடுதல் பார்க்கிங் கேட்பார்களா என்று பார்க்க வேண்டும். பழைய வராந்தாக் கட்டடங்களில் எல்லை எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது, மனையின் சர்வே வரைபடத்தைப் பாருங்கள்.

இனி டேப். சுவரிலிருந்து ரோட்டோரக் கல்வரை அளந்துவிட்டு மூன்று மீட்டர் இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள். விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி, மரம், போர்டு, ஓரமாக நிற்கும் காரின் கதவு திறக்கிற இடம் எல்லாவற்றையும் கழித்து, மிகக் குறுகலான இடத்தில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் அகலம். ஒரு சக்கர நாற்காலி தனியாகப் போகவே 90 செ.மீ. வேண்டும், பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால் 1.5 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் 1.8 மீட்டர். ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் 1.8-க்குக் குறையாமல் விடுங்கள் என்பது என் கருத்து, அதிகாரி இன்னும் கேட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். கம்பத்துக்கு அரை மீட்டர் போனால் அந்த மூன்று மீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது 70 செ.மீ., அதாவது சுவரோரமாக ஒரே வரிசைச் சின்ன மேசை, நாற்காலிகள் பக்கவாட்டில். ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளங்கள், காலி நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு அளக்கிற தந்திரம் எல்லா அதிகாரிக்கும் தெரியும்.

சுவரோரமா, ரோட்டோரமா என்று கேட்டால் குறுகிய நடைபாதையில் நான் சுவரோரம்தான் சொல்வேன், இல்லாவிட்டால் சூடான கறியோடு பரிமாறுகிறவர் நடக்கிறவர்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டே இருப்பார். இதில் ஒரு சிக்கல் உண்டு. பார்வையில்லாதவர்கள் பலர் சுவரைக் கோலால் தொட்டுக்கொண்டுதான் நடப்பார்கள், அவர்கள் நேராக உங்கள் மேசைக் காலில் வந்து மோதுவார்கள். அதனால் இரண்டு முனையிலும் கோலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி, தரையை ஒட்டிக் கீழ்க்கட்டை உள்ள தடுப்பு வையுங்கள், வெறும் கயிறு கட்டுவதில் பயனில்லை. நடக்கிற வழி ஒரே நேர்கோடாக இருக்கட்டும், ஓரிடத்தில் இடதும் அடுத்த கடையில் வலதுமாக வளைந்து போக வைக்காதீர்கள். குடையின் விளிம்பு தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குக் குறையக் கூடாது, கடல் காற்றுக்குத் தாங்கும்படி அடிப்பாகம் கனமாக வேண்டும். சாய்தளம், தீயணைப்புக் குழாய், மேன்ஹோல் மூடி, பஸ் ஸ்டாப், ரோடு கடக்கும் இடம் இவற்றின் பக்கமே போகாதீர்கள். இதையெல்லாம் வெறும் மரியாதை என்று நினைக்க வேண்டாம், ஊனமுற்றவர்களின் வழியில் தடைகளை நீக்காமல் விடுவதையும் 2000-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாகுபாடாகவே பார்க்கிறது.

நகராட்சிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தோடு அளவுகள் போட்ட வரைபடம், காலையிலும் மாலைக் கூட்டத்திலும் எடுத்த போட்டோக்கள், கட்டட உரிமையாளரின் கடிதம், பொதுமக்களுக்குக் காயம் பட்டால் ஈடுகட்டும் இன்ஷூரன்ஸ் இவற்றைக் கேட்கக்கூடும், தயாராக வைத்திருங்கள். கட்டணம் எவ்வளவு என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குவதால் போன வருஷக் கணக்கு இப்போது பொருந்தாது. மது விற்கிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது, உங்கள் லைசென்ஸ் அதன் வரைபடத்தில் காட்டிய இடத்துக்குத்தான் செல்லும், மேசை வெளியே போனால் பீரும் தானாக வெளியே போகலாம் என்று ஆகாது. மாகாணத்தில் மது லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பிடம் முதலிலேயே பேசுங்கள்.

வாசலருகே பர்மிட்டோடு பழம் விற்கிற அம்மா இருந்தால் அவரை நகர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள், வரைபடத்தில் அவரையும் போடுங்கள். நடைபாதை அவருக்கும் பிழைப்பு.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதற்கு 90 நாள் அவகாசம் உண்டு. நகராட்சி அமைப்புச் சட்டத்தின் 62-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்ய நினைத்தால் முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 21 நாள்தான், காரணம் வரட்டும் என்று காத்திருந்தால் அது போய்விடும். என்னைக் கேட்டால், இரண்டு மேசையைக் குறைத்துப் புதிதாக வரைந்து கொடுப்பது பல சமயம் சண்டையைவிடச் சீக்கிரம் முடியும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் நாற்காலிகள் மெல்ல மெல்ல ஊர ஆரம்பிக்கும். எந்தக் கல் வரிசையைத் தாண்டக் கூடாது என்று வேலை செய்யும் பையன்களுக்குக் காட்டிவையுங்கள், நகராட்சித் தரையில் நீங்களாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம். எதையும் தரையில் போல்ட் போட்டு இறுக்காதீர்கள். குழாய் வேலைக்குத் தோண்ட வந்தாலும், காவடி ஊர்வலம் உங்கள் தெரு வழியாக வந்தாலும், அன்றைக்கு எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.