ரப்பர் இல்லாமல் ஒரு குட்டி யானை: சின்னக் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் வரையக் கற்றுக்கொடுக்கலாம்

கார்ட்டூன் விலங்கு வரையும்போது குழந்தைகள் அழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: அழிக்கிற இடம். முதலில் முழு வட்டமாக முகம் போடச் சொல்கிறோம். அதன் மேல் மூக்கு, உடம்பின் மேல் கால் என்று அடுக்குகிறோம். பிறகு உள்ளே தெரியும் கோடுகளை அழிக்கச் சொல்கிறோம். சின்னக் கை அழுத்தித் தேய்க்கும், தாள் கிழியும், படம் போச்சு.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. எது முன்னால் இருக்கிறதோ அதை முதலில் வரைய வேண்டும். பின்னால் இருப்பதன் கோடு, முன்னால் இருப்பதைத் தொட்டதும் நின்றுவிட வேண்டும். இந்த ஒன்று பிடிபட்டால் ரப்பரே வேண்டாம்.

பழக யானை நல்ல தேர்வு. குழந்தைகள் பொதுவாக 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும், 5 வயதை ஒட்டி முக்கோணத்தையும் பார்த்து வரையத் தொடங்குவார்கள். பூனைக்குக் கூரான காது வேண்டும், அதற்கு முக்கோணம் தெரிய வேண்டும். யானையோ முழுக்க வளைவுகள்தான். அதோடு தும்பிக்கையில் எலும்பே கிடையாது, எப்படி வேண்டுமானாலும் வளையும். அதனால் குழந்தையின் கோடு நடுங்கினாலும் தும்பிக்கை தும்பிக்கையாகவே இருக்கும்.

தொடங்கும் முன்

ஆளுக்கு ஒரு ஏ4 தாள், ஆளுக்கு ஒரு தடித்த க்ரேயான். தாளை நிற்கும் வாக்கில் வைத்து, நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் மடித்துப் பிரியுங்கள். நடுவில் ஒரு கூட்டல் குறி தெரியும். தாளின் மூலையில் குட்டியூண்டு யானை வராமல் இருக்க இந்த மடிப்பு போதும்.

குழந்தைக்கு எதிரில் உட்காராதீர்கள், உங்கள் படம் அதற்குத் தலைகீழாகத் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள். இடது கைப் பழக்கமுள்ள குழந்தை என்றால் அதன் வலப்பக்கம் உட்கார்ந்தால் முழங்கைகள் இடிக்காது. முக்கியமாக, குழந்தையின் தாளில் நீங்கள் ஒரு கோடுகூடப் போடாதீர்கள். கையைப் பிடித்தும் வரையாதீர்கள். நீங்கள் உங்கள் தாளில் ஒரு கோடு போடுங்கள், குழந்தை பார்த்துத் தன் தாளில் போடட்டும்.

1. தும்பிக்கை

மடிப்புகள் வெட்டும் புள்ளிக்கு இரண்டு விரல் அகலம் மேலே தொடங்கி, இரண்டு விரல் கீழே வரை, ஒடுங்கி நீண்ட ஒரு பை போல வரையுங்கள். மேல்பக்கம் திறந்தே இருக்கட்டும். 'ப' எழுதத் தெரிந்த குழந்தையிடம், "ஒல்லியா, நீளமா ஒரு ப போடு. மூலையை மட்டும் உருட்டிவிடு" என்றால் உடனே புரியும்.

2. தலை

குறுக்கு மடிப்பு தும்பிக்கையின் இடப்பக்கத்தைத் தொடுகிற இடத்தில் க்ரேயானை வையுங்கள். அங்கிருந்து வெளியே போய், மேலே ஏறி, சுற்றி வந்து, வலப்பக்கத்தில் அதே உயரத்தில் தும்பிக்கையை முட்டி நிற்க வேண்டும். இங்கேதான் விதியைச் சொல்ல வேண்டும்: "தும்பிக்கை முன்னாடி இருக்கு. அதைத் தொட்டதும் நின்னுடு." சில குழந்தைகள் குறுக்கே ஓட்டிவிடுவார்கள். பரவாயில்லை, விட்டுவிடுங்கள், அதைத் தும்பிக்கையின் சுருக்கம் ஆக்கிவிடலாம். காதுகளுக்கு இரண்டு பக்கமும் தாளில் இடம் மிஞ்ச வேண்டும்.

3. காதுகள்

தலையின் இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய அரைவட்டம். தலையில் தொடங்கி, தலையிலேயே முடியும். ஒரு காது பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தால் திருத்தாதீர்கள்.

4. கண்கள்

யானை அழகாவதும் அசடாவதும் இங்கேதான், ஆகவே நிதானமாகச் செய்யுங்கள். பெரிய தலை, பெரிய கண், முகத்தில் சற்றே தாழ்ந்து அமைந்த கண்: இவை குட்டித்தனமாகத் தெரியும் என்று கொன்ராட் லோரன்ஸ் என்ற விலங்கியலாளர் 1943-இல் எழுதினார். நிஜ யானையின் கண் உடம்புக்கு மிகச் சிறியது. கார்ட்டூனில் அதைத் தாராளமாகப் பெரிதாக்கலாம்.

எங்கே வைப்பது? தும்பிக்கை தொடங்கும் உயரத்திலேயே, இரு பக்கமும், நன்றாகத் தள்ளி. குழந்தைகள் நெற்றியில் வைக்கப் பார்ப்பார்கள். "தும்பிக்கையோட தலைக்குப் பக்கத்துல" என்று விரலால் காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வட்டம், அதற்குள் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். சின்னதை வெள்ளையாக விட்டு மிச்சத்தைக் கறுப்பாக்கினால் கண் பளிச்சென்று உயிர்பெறும். அந்தச் சின்ன வட்டம் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் இருக்கட்டும், வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதானே வருகிறது.

3 வயதுக் குழந்தைக்கு இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முகமே முழுப் படம்தான்.

5. பாதங்கள், அப்புறம் உடம்பு

உட்கார்ந்திருக்கும் யானைக்குப் பாதம்தான் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அதுதான் முதலில். தாளின் அடிப்பகுதியில், நடுமடிப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு வட்டம். இடையில் கொஞ்சம் இடைவெளி.

இடது கன்னத்தின் அடியிலிருந்து தொப்பை போல வெளியே வளைந்து வந்து, இடது பாதத்தைத் தொட்டு நிற்கும் ஒரு கோடு. வலப்பக்கமும் அப்படியே. இரண்டு பாதங்களுக்கும் நடுவே ஒரு சிறு கோடு போட்டால் உடம்பு மூடிவிடும். இதை வரையும் முன் குழந்தையையே கேளுங்கள்: "எது முன்னாடி இருக்கு? அப்போ கோடு எங்கே நிக்கணும்?" பதிலை அதுவே சொல்லிவிட்டால், பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

6. சில்லறை வேலைகள்

பாதத்துக்கு மூன்று நகம், தும்பிக்கையில் இரண்டு மூன்று சுருக்கக் கோடு, தும்பிக்கைக்குப் பக்கத்தில் எட்டிப்பார்க்கும் ஒரு புன்னகை. நிறம் குழந்தையின் விருப்பம்; பச்சை யானையும் யானைதான்.

முடிந்ததும் "சூப்பர்" என்று சொல்லி நகர்ந்துவிடாமல் படத்தைப் பார்த்துப் பேசுங்கள். "இது யாரைப் பார்க்குது?", "இந்தக் காது ஏன் இவ்வளவு பெருசு?" என்று கேட்டால் ஒரு கதையே வரும். அடுத்த படத்துக்கான ஆசையும் அந்தக் கதையிலிருந்துதான் பிறக்கும்.

மறுநாள் இதே முறையில் கரடி போடலாம். கரடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, அதனால் அந்த வட்டம் முதலில், தலை அப்புறம். முயல் ஒரு கேரட்டைப் பிடித்திருந்தால் அதைப் பிடித்த கைதான் முதல், கேரட் அடுத்தது, தொப்பை கடைசி.