கறுக்கும் கத்தியைப் பழக்குவது எப்படி

என் மகள் வேலை கிடைத்துத் திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் பக்கம் வீடெடுத்துத் தங்கியபோது, ஆறு கத்தி கொண்ட ஒரு செட் வாங்கினாள். மரக்கட்டையில் செருகி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். மூன்று மாதம் கழித்துப் போன் வந்தது. "அம்மா, தக்காளி நசுங்குது. உன் பிச்சாத்தி ஒண்ணு கொண்டு தா." கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டே நாளில் மறுபடி போன். "அம்மா, கத்தி கறுத்துப் போச்சு. நறுக்கின வாழைக்காயும் கறுத்துப் போச்சு. கெட்டுப் போச்சா?"

கெடவில்லை. பிச்சாத்தி என்பது எங்கள் ஊர்ப் பட்டறையில் அடிக்கிற சின்ன இரும்புக் கத்தி, அது கறுக்கத்தான் வேண்டும். அன்றிலிருந்து அவளுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன். அம்மச்சி விட்டுப்போன கத்தி ஒன்று துருப்பிடித்து அடுக்களை மூலையில் கிடக்கிற வீடுகள் நிறைய உண்டு. அவர்களுக்கும் இது உதவும்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளை தாண்டினால் கேரளம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும், சக்கை (பலா), மரச்சீனி (மரவள்ளி), பிச்சாத்தி, வெட்டுக்கத்தி (பெரிய, கனத்த கத்தி) என்று அடுக்களைப் பேச்சு இரண்டு பக்கமும் இன்றைக்கும் ஒன்றுதான். என் தாத்தா பனையேறி. ஏறப் போகும் முன் முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, பாளை அருவாளை அதில் இழுத்து இழுத்துத் தீட்டுவார். பாளையை மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் நன்றாக ஊறும். மொண்ணை அருவாள் பாளையை நசுக்கிவிடும். தீட்டி முடித்ததும் பெருவிரல் நகத்தின் மேல் அருவாளின் வாயை, அதாவது வெட்டுகிற ஓரத்தை, மெதுவாக வைத்துப் பார்ப்பார். நகத்தில் பிடித்து நின்றால் அருவாப்பெட்டிக்குள் போகும். வழுக்கினால் திரும்பவும் பலகைக்குத்தான். அந்த நகச் சோதனையைத்தான் நான் இன்றைக்கும் செய்கிறேன்.

பழசு எல்லாவற்றையும் நான் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எங்கள் வீட்டில் மாவுக்குக் கிரைண்டர், துவையலுக்கு மிக்ஸி. மேடையில் திருகி மாட்டுகிற தேங்காய்த் துருவி வந்த பிறகு, குத்தவைத்து உட்கார்ந்து துருவுவதை விட்டுவிட்டேன், முட்டு வலி பாதி குறைந்தது. கத்தி விஷயத்தில் மட்டும் பழைய இரும்பை விட மனசு வரவில்லை. அதற்கு ஒரே காரணம், அது என் கைக்கு அடங்கும். மழுங்கினால் ஐந்து நிமிஷத்தில் நானே அதைக் கூராக்கிவிடுவேன். விலை குறைந்த எவர்சில்வர் கத்தியைக் கல்லில் போட்டால் ஓரத்தில் பிசிறு சவ்வு மாதிரி இழுபடுமே தவிர, கூர் சீக்கிரம் ஏறாது, ஏறினாலும் நாலு நாளில் போய்விடும். நல்ல எவர்சில்வர் கத்திகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றின் விலைக்கு இரும்பு அடிக்கிற ஆசாரியிடம் நாலு பிச்சாத்தி அடித்துவிடலாம்.

முதலில், உங்களுக்கு இது சரிப்படுமா

நறுக்கி முடித்த கையோடு கத்தியைக் கழுவித் துடைத்து வைக்கிற பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத் தொட்டியில் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகிற வீடு என்றால் எவர்சில்வரே வாங்குங்கள். என் தங்கையைக் கட்டிக்கொடுத்தது குளச்சல் கடற்கரைக்குப் பக்கத்தில். உப்புக்காற்றில் அங்கே ஜன்னல் கம்பியே அரித்துப் போகும். அவளுக்கு நான் இரும்புக் கத்தி கொடுக்கவில்லை.

எவர்சில்வரில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் சேர்ந்திருக்கும். அந்தக் குரோமியம் காற்றுப் பட்டு மேலே ஒரு மெல்லிய படலமாகிவிடுவதால் துரு உள்ளே இறங்காது. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி இப்படிப்பட்ட எஃகை வார்த்த பிறகுதான் துருப்பிடிக்காத கத்தி என்று ஒன்று வீட்டுக்கு வந்தது. எலுமிச்சை, நார்த்தங்காய், ஊறுகாய் மாங்காய், பிள்ளைகளுக்குப் பழம் நறுக்க என்று என்னிடமும் ஒரு எவர்சில்வர் கத்தி தனியாக இருக்கிறது. புளிப்பும் உப்பும் சேர்ந்தால் இரும்பை அரித்துவிடும், பழத்திலும் இரும்பு வாடை ஏறும்.

வாங்கும்போது

பட்டறையில் சொல்லி அடிப்பதுதான் நல்லது. லாரியின் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது. கத்திக்கு வேண்டிய கரிச்சத்து (கார்பன்) அதில் இருக்கும். கடையில் வாங்குவதானால், காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள். காந்தம் ஒட்டுகிற எவர்சில்வரும் உண்டு. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, ஓரமாக ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுச் சில நிமிஷம் பொறுத்துத் துடையுங்கள். சாம்பல் நிறத்தில் கறை விழுந்தால் இரும்பு. விழாவிட்டால் எவர்சில்வர்.

அப்புறம் கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, வாய் ஒரே கோடாக ஓடுகிறதா என்று பாருங்கள். பிடிக்குள் போகிற இரும்பு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். அரை அங்குலம் மட்டும் செருகிய கத்தி மரச்சீனிக் கிழங்கில் இறங்கும்போது கழன்றுவிடும், அது ஆபத்து. என் கத்தியின் வாலைப் பழுக்கக் காய்ச்சி, பிடி முழுக்க இறக்கி, இடைவெளியில் அரக்கு உருக்கி ஊற்றி, பிடியின் முனையில் பூண் போட்டிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் அசையவில்லை.

பழக்குவது

புதுக் கத்தியில் பட்டறை எண்ணெய் இருக்கும். சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவித் துடையுங்கள். முதல் வாரம் அதை வாழைக்காய், வாழைப்பூ, வெங்காயம் என்று நறுக்கவே பயன்படுத்துங்கள். கத்தி நீலமும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். வாழைக்காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேரும்போதுதான் அந்தக் கறுப்பு வருகிறது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் எழுதுகிற மை காய்ச்சியதும் இதே முறையில்தான். முதல் இரண்டு மூன்று நாள் காயிலும் கறுப்பு ஒட்டும். நறுக்கியதை உடனே தண்ணீரில் போட்டு அலசிவிட்டால் போதும். கறுப்பு ஒரே சீராகப் படிந்த பிறகு காயில் ஒட்டுவது குறைந்துவிடும், துருவும் சட்டென்று பிடிக்காது.

அந்தக் கறுப்பைத் தேய்த்து வெளுப்பாக்கக் கூடாது. என் மகள் செய்த தப்பு அதுதான். கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தாள், மறுநாளே சிவப்பாகத் துரு பூத்திருந்தது. "மக்களே, கறுப்பு இருக்கட்டும், சிவப்பை மட்டும் எடு" என்றேன். இது ஒன்றை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. செம்பொடியாகக் கையில் ஒட்டுவது துரு. அதைச் சலித்த அடுப்புச் சாம்பலும் ஈரத் தேங்காய்த் தொண்டும் (மட்டை) கொண்டு அந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் போகும்.

சக்கை வெட்டும் முன் கத்தியின் இரண்டு பக்கமும், உங்கள் இரண்டு கையிலும் வெளிச்செண்ணெய் (தேங்காய் எண்ணெய்) தடவிக்கொள்ளுங்கள். அரக்கு மாதிரி ஒட்டுகிற சக்கைப் பாலுக்குத் தண்ணீரும் சோப்பும் ஒன்றும் செய்யாது. மறந்துபோய் ஒட்டிவிட்டால் எண்ணெய் விட்டுத் துணியால் வழித்தெடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். வருக்கைச் சக்கை என்றாலும் கூழன் என்றாலும் இதேதான். முழுச் சக்கையைப் பிளக்க வெட்டுக்கத்தி, சுளைக்குப் பிச்சாத்தி. சின்னக் கத்தியை வைத்துச் சக்கையை நெம்பினால் நுனி ஒடியும்.

தினமும் வேலை முடிந்ததும் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு நிமிஷம் அடுப்புப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு மேல் எடுக்க மாட்டீர்கள் என்றால் விரல் நுனியில் ஒரு துளி வெளிச்செண்ணெய் தொட்டுத் தடவி, அதையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தடிமனாக நின்றால் பிசுபிசுத்துப் போகும், தூசியும் ஒட்டும்.

தீட்டுவது

ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்புமாகச் சாணைக்கல் கிடைக்கும். பத்து நிமிஷம் தண்ணீரில் போடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, ஈரத்துணி மேல் வைத்தால் வழுக்காது.

கத்தியின் வாயைக் கல்லில் படுக்க வைத்து, முதுகை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். ஒரு அங்குல அகலமுள்ள கத்திக்கு முதுகு கல்லிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் உயர்ந்தால் சரி, ஏறக்குறைய 15 டிகிரி வரும். வெட்டுக்கத்திக்கு இன்னும் தூக்க வேண்டும், மெல்லிசாகத் தீட்டினால் எலும்பிலும் தேங்காயிலும் வாய் உடையும். தூக்கிய அளவு மாறாமல், பிடிப்பக்கத்திலிருந்து நுனி வரை கல் முழுக்க ஓடுகிற மாதிரி இழுங்கள். அமுக்க வேண்டாம். கத்தியின் கனமும் விரல் பாரமும் போதும்.

ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டிருங்கள். பத்து இழுப்புக்கு ஒரு தரம், தீட்டாத பக்கத்தில் பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே தடவிப் பாருங்கள், வாயின் நீளத்துக்குத் தடவக் கூடாது. மயிரிழை மாதிரி ஒரு பிசிறு விரலில் தட்டும். நுனி முதல் அடி வரை அது தட்டினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலர் இதற்கு முன்பே மாற்றிவிடுவதால்தான் எவ்வளவு தீட்டினாலும் கூர் வரவில்லை என்கிறார்கள். பிறகு மறுபக்கம். பிறகு கல்லைத் திருப்பி வழவழப்பான பக்கத்தில், ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு இழுப்பு, பாரமே இல்லாமல். கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் முதுகை முன்னால் விட்டுப் பத்துத் தரம் இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். அவசரத்துக்குக் கல் இல்லையென்றால் பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் இல்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுங்கள், சமையலுக்குப் போதும்.

மோட்டார் சாணையில் கொடுக்காதீர்கள். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. ஒருநாள் வீட்டு வாசலுக்கு வந்த சாணைக்காரரிடம் என் அம்மாவின் பிச்சாத்தியைக் கொடுத்தேன். பொறி பறக்கப் பறக்கப் பிடித்தார், ஒரு தரம்கூடத் தண்ணீரில் தோய்க்கவில்லை. திரும்பி வந்தபோது வாயோரம் கால் அங்குல அகலத்துக்கு மயில்கழுத்து நீலம். அன்றைக்கு அருமையாக வெட்டியது. மறுவாரம் வெண்டைக்காயில்கூட வழுக்கியது.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆசாரி அண்ணன் பார்த்ததுமே, "துவைச்சல் போயிற்று, தங்கச்சி" என்றார். காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இரும்புக்கு ஏற்றுகிற உறுதியைத்தான் துவைச்சல் என்போம். நீலம் வந்த இடத்தை உரசித் தள்ளிவிட்டு, வாய்ப்பக்கத்தை உலையில் செக்கச் செவேல் என்று காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் தோய்த்து உடனே எடுத்தார். உடைந்த கல்துண்டால் வாயோரத்தை வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, "இப்பம் பாருங்க" என்று வெளிச்சத்தில் காட்டினார். முதுகில் மிச்சமிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்கியது. வெள்ளை இரும்பில் வெளிறிய மஞ்சள் படர்ந்தது, அது வைக்கோல் நிறமானது, அதன் பின்னால் ஊதாவும் நீலமும் துரத்திக்கொண்டு வந்தன. வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட நொடியில் முழுக் கத்தியையும் தண்ணீரில் முக்கிவிட்டார். அந்த நிறத்துக்கு ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸ் சூடு. நீலத்துக்கு 300 டிகிரி, அங்கே இரும்பு இளகிவிடும். தண்ணீர் தொடாத மோட்டார் சக்கரம் என் கத்தியை அதுவரை கொண்டுபோயிருந்தது. கத்தி கால் அங்குலம் குறைந்தது. ஆனால் இன்றைக்கும் நெத்திலி தலை கிள்ள அதைத்தான் எடுக்கிறேன்.

போன மாதம் மகளுக்கு இன்னொன்று அடித்து வாங்கினேன், குட்டையாக, அவள் கைக்கு ஏற்ற பிடியோடு. எடுத்துப் போக உறை வேண்டுமே என்று, தோட்டத்தில் விழுந்து கிடந்த கமுகம்பாளையை ஊறவைத்து, கத்தியின் அகலத்துக்கு மடித்து, கயிறு சுற்றி நிழலில் காயவைத்தேன். காய்ந்ததும் கத்தி உள்ளே இறுக்கமாக நிற்கிறது. ஈரக் கத்தியை மட்டும் அதில் போடக் கூடாது. குழித்துறையில் ரயிலேற்றி விடும்போது சாணைக்கல்லையும் பழைய பெல்ட்டையும் பைக்கு அடியில் வைத்துக் கொடுத்தேன்.